தொழுவம் வரைக்குமான வழிச்செலவு: கால்நடை மருத்துவ மாணவரின் புறக்கல்வியும் புதுச்சேரியும்

புதுச்சேரி நகரத்தின் உயர்கல்வி வரலாற்றில் மூன்று ஆண்டுகள் முதன்மையானவை: பிரெஞ்சு அரசு மருத்துவப் பள்ளியை நிறுவிய 1823, இன்றைய பிரெஞ்சு லிசேயின் முன்னோடியான கல்லூரி தோன்றிய 1826, சட்டப் பள்ளி தொடங்கப்பெற்ற 1838. இவற்றுள் மருத்துவப் பள்ளி 1956-இல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரியாகவும் 1964-இல் ஜிப்மர் என்று நாடறிந்த நிறுவனமாகவும் வளர்ந்தது. மனிதரின் பிணி தீர்க்கும் கல்வி இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்நகரில் வேரூன்றியிருக்க, அம்மனிதருக்குப் பாலும் உழவும் எருவும் தந்த மாட்டின் பிணி தீர்க்கும் கல்வி 1994-ஆம் ஆண்டில்தான் குருமாம்பேட்டில் இடம் பெற்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் 171 ஆண்டுகள். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தோற்றுவித்த நாடே புதுச்சேரியை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் தொடர்பில் வைத்திருந்தது என்பதை நினைத்தால், இந்த இடைவெளி விளக்கம் வேண்டி நிற்பது புரியும்.

அவ்விளக்கத்தைக் கட்டடங்களின் வரலாற்றில் தேடுவதைவிடச் செலவுக் கணக்கின் வரலாற்றில் தேடுவதே பொருத்தம். ஏனெனில் கால்நடை மருத்துவம் என்பது வகுப்பறையில் தொடங்கித் தொழுவத்துக்குப் போன கல்வியன்று; தொழுவத்திலும் லாடக் கொட்டிலிலும் சந்தையிலும் தொடங்கி, பிற்காலத்தில் வகுப்பறைக்குள் வந்த கல்வி. பாடத்திட்டம் வகுத்த விரிவுரை, ஆய்வுக்கூட நேரம், தேர்வு ஆகியவற்றுக்கு வெளியே, மாணவர் தாமே சென்று கண்டும் கேட்டும் தொட்டும் பெறும் அறிவை இங்குப் புறக்கல்வி என்று குறிக்கலாம். அதற்குத் தரப்படும் பணத்திலும் வகைகள் உண்டு. வறுமையையோ மதிப்பெண்ணையோ கருதி, படிப்பை முடிப்பதற்காகத் தரப்படுவது கல்வி உதவித்தொகை. பயிற்சிக் காலத்தில் மாணவர் செய்யும் வேலைக்கு ஈடாகத் தரப்படுவது பயிற்சிப்படி. மாணவர் தேர்ந்துகொண்ட ஒரு குறிப்பிட்ட பணிக்கு, அதன் பயணம், தங்கல், கருவி ஆகிய செலவுகளுக்காகத் தரப்பட்டு, முடிவில் ஓர் அறிக்கையை மட்டுமே திரும்பக் கேட்பது நல்கை. முதல் இரண்டும் பழையவை, பரவலானவை. மூன்றாவது இளையது, அரியது. இம்மூன்றும் பேச்சில் ஒன்றாகக் கலந்துவிடுவதால்தான், நல்கை என்ற ஒன்று தேவை என்பதே பலருக்குத் தோன்றாமல் போகிறது.

1761-ஆம் ஆண்டு புதுச்சேரிக்குக் கேட்டின் ஆண்டு. பிரெஞ்சுத் தளபதி லாலியின் தலைமையில் முற்றுகையைத் தாங்கிய நகரம் ஜனவரி நடுவில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டு 4 அன்று, அந்தப் போரினால் கருவூலம் வற்றியிருந்த பிரான்சில், லியோன் நகரில் ஒரு கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறப்பதற்கு அரசவை அனுமதி ஆணை பிறந்தது. ஆணையைப் பெற்றவர் லியோனின் குதிரையேற்றக் கழகத்தை நடத்திவந்த குளோத் பூர்ழெலா. அவருக்கு ஆதரவாக நின்றவர் முன்பு லியோனின் ஆட்சியாளராக இருந்து அப்போது நாட்டின் நிதிப் பொறுப்பை ஏற்றிருந்த பெர்த்தேன். ஆறு ஆண்டுகளில் பகிர்ந்து தரத்தக்கதாக 50,000 லிவ்ர், அதாவது அக்காலப் பிரெஞ்சு நாணயத்தில் கணிசமான ஒரு தொகை, பள்ளிக்கு ஒதுக்கப்பட்டது. கடல் கடந்த ஒரு நகரத்தைக் காக்க இயலாத அரசு அதே ஆண்டில் மாட்டுக்கும் குதிரைக்கும் மருத்துவம் கற்பிக்கப் பணம் ஒதுக்கியதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. ஐரோப்பா முழுவதும் மந்தை மந்தையாக மாடுகளை வீழ்த்திக்கொண்டிருந்த வெக்கை நோய் உழவையும் வரியையும் ஒருங்கே குலைத்துவந்தது.

1762-இல் லியோனின் புறநகரில், முன்பு வழிப்போக்கர் சத்திரமாக இருந்த கட்டடத்தில் பள்ளி திறந்தபோது, அதில் சேர்ந்தவர்களுள் பலர் லாடம் அடிப்போரின் பிள்ளைகள். எழுத்தறிவு குறைந்தவர்களும் இருந்தனர். அவர்களுடைய செலவைப் பெரும்பாலும் அவரவர் மாகாண நிர்வாகமே ஏற்றது. படிப்பு முடிந்ததும் அம்மாகாணத்துக்கே திரும்பிப் பணியாற்ற வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பள்ளி தொடங்கிய ஆண்டிலேயே மாணவர்கள் நோய் கண்ட ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். உடற்கூறு வகுப்பு முற்றுப்பெறும் முன்பே கொட்டிலில் நின்று நோயுற்ற மாட்டின் வாயைத் திறந்து பார்த்தவர்கள் அவர்கள். இன்று புறக்கல்வி என்று தனியே பெயரிட்டு அழைப்பது, இத்தொழிலின் முதற்பள்ளியில் கல்வியின் நடுப்பகுதியாகவே இருந்தது. மாணவரை ஊருக்குக் கொண்டுசேர்த்த பணம் பொதுப்பணம் என்பதும், அப்பணம் மாணவரின் ஆர்வத்தைக் கருதியன்றி நோயின் அச்சத்தைக் கருதியே தரப்பட்டது என்பதும் இவ்வரலாறு நெடுகிலும் திரும்பத் திரும்ப வரும் இரு செய்திகள்.

லியோனின் முன்மாதிரி விரைந்து பரவியது. பாரிசை அடுத்த அல்ஃபோரில் இரண்டாவது பள்ளி எழுந்தது. டென்மார்க், சுவீடன், ஆஸ்திரியா முதலிய நாடுகள் தம் மாணவர்களை அரசுச் செலவில் லியோனுக்கு அனுப்பி, அவர்கள் திரும்பிய பின் தமக்கெனப் பள்ளிகளை அமைத்துக்கொண்டன. லியோனில் பயின்ற சேன்பெல் என்பவரைக் கொண்டே 1791-இல் இலண்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னாளில் அதே லியோன் பள்ளியின் பேராசிரியர் கால்த்தியே 1879 முதல் 1881 வரை முயல்களிலும் ஆடுகளிலும் வெறிநோய் குறித்து நடத்திய சோதனைகள், 1885-இல் பாஸ்டர் கண்ட வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு வழிகோலின.

இவ்வளவும் நிகழ்ந்த பிரெஞ்சு உலகின் ஓர் அங்கமாக இருந்தும் புதுச்சேரிக்கு அந்தக் கல்வி வராமைக்குக் காரணம் படைக்குதிரை என்று கருத இடமிருக்கிறது. குடியேற்ற நாடுகளில் கால்நடை மருத்துவப் பள்ளிகள் பெரும்பாலும் குதிரைப்படையின் தேவையையொட்டியே பிறந்தன. 1814-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையோ, பிரான்சுக்குத் திரும்பக் கிடைக்கவிருந்த இந்தியப் பகுதிகளில் கோட்டை கட்டக் கூடாது என்றும் காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது என்றும் வரையறுத்திருந்தது. படை இல்லாத இடத்தில் படைக்குதிரை இல்லை. படைக்குதிரை இல்லாத இடத்தில் அதற்கு மருத்துவம் கற்பிக்கும் செலவை எந்த ஆட்சியாளரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். வில்லியனூரிலும் பாகூரிலும் மண்ணாடிப்பட்டிலும் ஏர் இழுத்த காளைகள் அரசின் கணக்கில் இடம்பெறும் அளவுக்கு மதிப்புடையனவாகத் தோன்றவில்லை என்பது வருந்தத்தக்க முடிவுதான். ஆயினும் வேறு முடிவுக்கு வர வழியில்லை.

அக்காளைகளுக்கு மருத்துவமே இல்லை என்று பொருளன்று. தமிழ் ஊர்களில் மாட்டு வைத்தியர் என்று அறியப்பட்டோர் பரம்பரையாக இருந்தனர். மாட்டு வாகடம் என்ற பெயரில் சுவடிகளும் பின்னர் அச்சு நூல்களும் வழங்கின. வாகடம் என்பது மருத்துவ நூலைக் குறிக்கும் பழஞ்சொல். சூடு போடுதல், மூலிகை அரைத்து மூங்கில் குழாயால் புகட்டுதல், முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுதல், குறுக்கே கிடக்கும் கன்றைத் திருப்பி எடுத்தல் ஆகியவற்றை ஒருவர் மற்றொருவருடன் ஊர் ஊராக நடந்தே கற்றார். அக்கல்விக்குக் கட்டணமும் இல்லை, நல்கையும் இல்லை. கற்பவருக்கு உண்ணக் கொடுத்தது மாட்டுக்காரர் வீடு. இம்மரபில் பயனற்றவையும் தீங்கானவையும் கலந்திருந்தது உண்மை. எனினும் மடி நோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறையைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றோர் முறைப்படி ஆய்ந்து பரப்பிய பிறகு, ஊரார் ஆசிரியராகவும் பட்டதாரி மாணவராகவும் அமரும் வரிசையைக் கல்லூரிகளும் ஒப்புக்கொள்ளத் தொடங்கியுள்ளன.

எல்லைக்கு அப்பால், ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில், நிலைமை வேறாக வளர்ந்தது. அங்கும் தூண்டுகோல் வெக்கை நோயே. ஹாலன் தலைமையில் அமைந்த மாட்டுக் கொள்ளைநோய் ஆணையம் 1871-இல் தன் அறிக்கையை அளித்தது. 1882-இல் லாகூரிலும் 1886-இல் பம்பாயிலும் கல்லூரிகள் தோன்றின. இவற்றுள் பம்பாயின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. பரேலில் பார்சி வணிகர் தின்ஷா மானக்ஜி பெட்டிட் கொடையால் அவர் மனைவி சக்கர்பாய் பெயரில் விலங்குகளுக்கான மருத்துவமனை ஒன்று முதலில் எழுந்தது. அதனைச் சார்ந்துதான் பிறகு கல்லூரி வந்தது. மாணவர் கற்பதற்கான இடத்தைத் தனியார் கொடை முன்னதாகவே அமைத்துவிட, பாடத்திட்டம் பின்னால் வந்து சேர்ந்தது என்று இதைச் சொல்லலாம். கால்நடை மருத்துவக் கல்விக்கு இந்தியாவில் தனியார் தந்த கொடைகளுள் இவ்வளவு சரியான இடத்தில் விழுந்தது வேறொன்று உண்டா என்பது ஐயமே.

சென்னை மாகாணத்தில் சைதாப்பேட்டைப் பண்ணையும் அதையொட்டி 1876-இல் தோன்றிய வேளாண் கல்லூரியும் கால்நடை வளர்ப்பைப் பாடமாகக் கொண்டிருந்தன. தனிக் கல்லூரி 1903 அக்டோபர் 1 அன்று வேப்பேரியில் டாபின் ஹால் என்ற சிறு கட்டடத்தில் இருபது மாணவருடன் தொடங்கியது. மூன்றாண்டுப் படிப்பை முடித்தோர் ஜி.எம்.வி.சி. என்ற பட்டயத்தைப் பெற்றனர். அவ்வெழுத்துக்களுக்குச் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தேறியவர் என்பது பொருள். 1935-இல் அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்தைப் பல்கலைக்கழகப் பட்டமாக உயர்த்தியது. பட்டமானதால் மதிப்பு உயர்ந்தது. உயிரியலும் நோய்க்கூறும் நுண்ணுயிரியலும் விரிவடைந்து பாட நேரத்தை நிரப்பின. விளைவாக ஊரில் கற்கும் நேரம் சுருங்கி, சுற்றுலா என்ற பெயரில் ஆண்டுக்கு ஒருமுறை வருவதாக மாறியது.

அந்தக் கல்விச் சுற்றுலாவை இழிவாகக் கருதுதல் தவறு. ஒரு தலைமுறை மாணவருக்குத் தென்னகத்தின் கால்நடைப் பரப்பைக் காட்டியது அதுவே. 1824-இல் படைக்குதிரைகளுக்கென அமைந்து பின்னர் மாட்டுப் பண்ணையாக மாறிய ஓசூர், 1932 முதல் ஊநீரும் தடுப்பூசியும் ஆக்கிவரும் இராணிப்பேட்டை நிலையம், முட்புதரோடு கூடிய கொறங்காடு மேய்ச்சல் நிலத்தில் காங்கயம் காளைகளை வளர்த்த பழையகோட்டை, நீலகிரியில் சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணை, தெப்பக்காட்டு யானை முகாம் ஆகிய இடங்களில் மாணவர் பார்த்தவை எந்தப் படத்தாலும் ஈடுசெய்ய முடியாதவை. வடக்கே செல்லும் அனைத்திந்தியப் பயணமோ இசத்நகர் ஆராய்ச்சி நிலையம், கர்னால் பால்வள நிலையம், ஆனந்தில் அமுல் கூட்டுறவு என நீண்டது. காட்டு யானைகளுக்கு மருத்துவம் பார்ப்பதில் உலகப் புகழ் பெற்று, ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதை வழியாகத் தமிழ் வாசகர் அனைவருக்கும் அறிமுகமான வி. கிருஷ்ணமூர்த்தி வேப்பேரியில் பயின்றவர்; ஆனால் யானையை அவருக்குக் கற்பித்தது முதுமலையும் டாப்சிலிப்பும் அங்கிருந்த பாகர்களும்தாம். சுற்றுலாவின் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஐம்பது பேர் ஒரு பேருந்தில் சென்று அரைநாள் பார்த்துத் திரும்பும் பயணத்தில், ஒரு மாணவர் ஒரு கேள்வியுடன் ஓரிடத்தில் பத்து நாள் தங்குவதற்கு வழியே இல்லை.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்து, 1962-இல் இணைப்பு சட்டப்படி முழுமை பெற்ற பிறகும், கால்நடை மருத்துவம் படிக்க விரும்பிய புதுச்சேரி மாணவர் வேப்பேரிக்கோ பிற மாநிலங்களுக்கோ போக வேண்டியிருந்தது. ஆயினும் இக்காலத்தில்தான், புறக்கல்வியின் இந்திய வரலாற்றில் பெருமைப்படத்தக்க ஒரு நிகழ்வு புதுச்சேரியில் நடந்தது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் இங்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. செய்து கற்றல் என்ற ஒரே கொள்கையின் மேல் எழுந்த நிறுவனம் அது. பாடநூலும் பட்டமும் இல்லாமல், உழவரும் ஊர்ப் பெண்களும் இளைஞரும் தம் கையால் செய்து பார்த்தே கற்க வேண்டும் என்பது அதன் விதி. பின்னர் இந்தியா முழுவதும் எழுநூறுக்கும் மேற்பட்ட மாவட்ட நிலையங்களாகப் பரவிய ஓர் எண்ணத்துக்குப் புதுச்சேரி மண் முதலில் இடம் தந்தது. பெருந்தலைவர் காமராசர் பெயர் தாங்கிய அந்நிலையம் இன்று குருமாம்பேட்டில், கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அண்டையில் இருப்பது, பயன்படுத்திக்கொள்வோருக்கு ஒரு கொடுப்பினை.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், யார் இத்தொழிலைச் செய்யலாம், எந்தத் தரத்தில் கற்பிக்க வேண்டும் என்பவற்றை நாடு முழுவதற்கும் ஒன்றாக்கியது. 1989-இல் சென்னையில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், இத்துறைக்கென்றே அமைந்த இந்தியாவின் முதல் பல்கலைக்கழகமாகப் பிறந்தது. ஐந்தாண்டு கழித்து, 1985-இல் தோன்றிய புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் இணைவுடன், ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவ அறிவியல் கல்லூரி தொடங்கியது. இன்று அது ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் இயங்குகிறது. ஊரின் பெயர்களே ஒரு வரலாறு சொல்லும் இடம் அது: அருகில் உள்ள கூட்டுறவுப் பால் நிறுவனத்தின் பெயரான பாண்லே என்பதன் ஈற்றில் நிற்கும் ‘லே’ பாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். கால்நடை மருத்துவப் பள்ளியைக் கொண்டுவராத பிரெஞ்சு மொழி பால் உறையின் மீது மட்டும் நிலைத்துவிட்டது.

கல்லூரி பிறந்த காலத்திலிருந்து மாணவரின் வெளிக்கல்விக்குக் கிடைத்த ஆதரவு நாடெங்கும் ஏறத்தாழ ஒரே வடிவில்தான் இருந்தது. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியையும் ஏழு நாள் முகாமையும் வகுத்து, கால்நடை மருத்துவ மாணவரை ஊர்களுக்குக் கொண்டுசென்றது. குடற்புழு நீக்கம், தடுப்பூசி, சினைப் பரிசோதனை ஆகியவற்றை அவர்கள் முதலில் கண்டது அத்தகைய முகாம்களில். தேசிய மாணவர் படையின் குதிரைப்படை சார்ந்த கால்நடைப் பிரிவுகள் உள்ள கல்லூரிகளில், வேறெங்கும் குதிரையைத் தொட வாய்ப்பில்லாதவர்கள் குதிரையேற்றமும் குதிரைப் பராமரிப்பும் கற்றனர். 2016-ஆம் ஆண்டின் தர விதிகள் படிப்பை ஐந்தரை ஆண்டாக்கி, அதில் ஓராண்டை உள்ளிருப்புப் பயிற்சிக்கு ஒதுக்கின. இப்பயிற்சிக்குரிய படித்தொகை மனித மருத்துவ மாணவருக்குத் தரப்படுவதைவிடக் குறைவு என்ற முறையீடு பல மாநிலங்களில் எழுந்து, போராட்டமாகவும் மாறியிருக்கிறது. அம்முறையீடு நியாயமானது. ஆனால் படித்தொகை உயர்ந்தாலும் அது வேலைக்கான ஈடே. மாணவர் தாம் தேர்ந்த திசையில் செல்வதற்கான வழிச்செலவாகாது.

அந்த வழிச்செலவை நோக்கி எடுக்கப்பட்ட அடிகள் அண்மைக் காலத்தவை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2015 ஜூலையில் ‘ஸ்டூடண்ட் ரெடி’ என்ற திட்டத்தை அறிமுகப்படுத்தி, ஊரகப் பணி அனுபவம், செயல்வழிப் பயிற்சி, தொழிற்கூடப் பயிற்சி ஆகியவற்றை ஒன்றிணைத்து, வேளாண் சார்ந்த இளநிலை மாணவருக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் ஆறு மாதம் வரை அளிக்க வகைசெய்தது. 2017-இல் உலக வங்கியின் பங்கோடு தொடங்கிய தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் மாணவர்களைக் குறுகிய காலப் பயிற்சிக்காக வெளிநாட்டுக் கல்வி நிலையங்களுக்கும் அனுப்பியது. இரண்டுமே நற்பணிகள். எனினும் இவற்றில் இடத்தையும் பொருளையும் தேர்வது பெரும்பாலும் நிறுவனம்.

பிரித்தானியாவில் மாணவரே தேரும் முறைக்கு நீண்ட பழக்கம் உண்டு. அங்கு ஒவ்வொரு கால்நடை மருத்துவ மாணவரும் பட்டம் பெறும் முன் கல்லூரிக்கு வெளியே, பண்ணைகளிலும் மருத்துவமனைகளிலும், நெடுங்காலமாக 38 வாரங்களைச் செலவிட்டாக வேண்டியிருந்தது. இடத்தைத் தேடிப் பிடிப்பது மாணவர் பொறுப்பு. கட்டாயம் என்று ஆனதும் செலவு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. ஏழை மாணவர் வீட்டருகே உள்ள இடங்களோடு நிற்க, வசதியுள்ளோர் தொலைவுக்குச் சென்று கற்றனர். இந்தச் சமமின்மையைக் குறைக்கத் தொழில்முறைச் சங்கங்களும் அறக்கட்டளைகளும் முன்னாள் மாணவரும் சிறு சிறு நல்கைகளை ஏற்படுத்தினர். 1926-இல் சார்லஸ் ஹியூம் இலண்டனில் தொடங்கிய விலங்கு நலக் கழகம், இன்று யூஃபா என்ற பெயரில், மாணவர் ஒருவர் விடுமுறையில் ஒரு சிறு ஆய்வை நடத்தத் தொகை அளித்துவருகிறது. லியோனில் பொதுப்பணம் நோய்க்காக மாணவரை அனுப்பியது; இங்கோ மாணவர் கேட்கும் கேள்விக்காகப் பணம் அவரைத் தொடர்ந்து செல்கிறது.

இத்தகைய நல்கையால் புதுச்சேரியில் என்ன கற்க முடியும் என்பதற்கு மதகடிப்பட்டுச் சந்தை ஒன்றே போதிய விடை. செவ்வாய்க்கிழமை கூடும் அந்த மாட்டுச் சந்தைக்குப் புதுச்சேரி ஊர்களிலிருந்தும் எல்லையை ஒட்டிய விழுப்புரம், கடலூர் ஊர்களிலிருந்தும் மாடுகள் வரும். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவர். வாயைத் திறந்து கீழ்த்தாடையின் முன்பற்களைப் பார்த்து, பால்பல் விழுந்து முளைத்தவற்றை எண்ணி, இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயது சொல்வர். எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது என்பர். ஏறத்தாழ இரண்டு வயதில் முதல் இணையும் நான்கை ஒட்டிக் கடைசி இணையும் மாறும் என்று பாடநூல் சொல்வதைத் தரகர் விரல் நுனியில் வைத்திருக்கிறார். சந்தையில் நிற்கும் மாட்டின் மடிக்காம்பு, குளம்பின் தேய்வு, ஈத்து எண்ணிக்கை பற்றிய விற்பவரின் கூற்று, வாங்குபவரின் ஐயம், சுழி பார்க்கும் நம்பிக்கை ஆகியவற்றை ஒரு மாணவர் பத்துச் செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து சென்று குறித்துவந்தால், அது எந்த ஆய்விதழும் மறுக்க முடியாத ஆவணமாகும். வெவ்வேறு ஊர் மாடுகள் ஒன்றோடொன்று மூச்சு உரசி நிற்கும் இடமாதலால், கோமாரி எவ்வழியில் பரவுகிறது என்பதற்கும் அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. புதுச்சேரி நிலப்பகுதியே தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடப்பது. தடுப்பூசிக் கணக்கு எல்லையோடு முடிந்தாலும் நோய் முடிவதில்லை.

மொழியும் இப்புறக்கல்வியின் ஒரு பகுதி. அனைத்திந்திய ஒதுக்கீட்டில் வரும் பிற மாநில மாணவர் மட்டுமன்றி, நகரத்தில் ஆங்கில வழியில் படித்து வந்த தமிழ் மாணவரும் ஊராரின் நோய்ச்சொற்களை அறியாதவரே. மாடு தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை, வயிறு உப்பிசமாக இருக்கிறது, மடி கல்லாகிவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை, சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்பனவெல்லாம் மருத்துவர் கேட்கும் முதல் வாக்குமூலங்கள். அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகிய மூன்றும் வெவ்வேறு கிருமிகளால் வருபவை என்பதும், ஒரு சொல் பிசகினால் மருந்தும் பிசகும் என்பதும் தொழுவத்தில்தான் மனத்தில் பதியும். வாய் பேசாத நோயாளிக்காக வீட்டுப் பெண் பேசுகிறார். அவர் சொல்வதைக் கேட்கப் பழகாதவர், எத்தனை மதிப்பெண் பெற்றாலும், பாதி மருத்துவரே.

தொலைவில் கற்பதற்கும் இடங்கள் உண்டு. உதகையில் உலகக் கால்நடை மருத்துவச் சேவை என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் பயிற்சி மையத்தில், தெருநாய்க் கருத்தடை அறுவையை முறையான மயக்க மருந்துடனும் வலி தணிப்புடனும் செய்யக் கற்பிக்கிறார்கள். கால்த்தியேயும் பாஸ்டரும் போராடிய அதே வெறிநோயைத் தடுப்பதற்கு, ஊசியோடு இந்த அறுவைத் திறனும் இன்று இந்திய நகரங்களுக்குத் தேவைப்படுகிறது. குருமாம்பேட்டிலிருந்து உதகைக்குச் செல்ல ஓர் இரவுப் பயணமும் சில நாள் தங்கலும் வேண்டும். அச்செலவை வீட்டில் கேட்கத் தயங்கும் மாணவர், மதிப்பெண் பட்டியலில் முதலிடத்தில் இருந்தாலும், போகாமலே இருந்துவிடுவார். இவ்வகுப்புகளில் மாணவியரின் எண்ணிக்கை பெருகிவரும் இக்காலத்தில், பாதுகாப்பான தங்குமிடத்துக்கான செலவும் நல்கைக்குள் அடங்க வேண்டியது இன்றியமையாதது. அதை விட்டுவிட்டுப் பயணக் கட்டணத்தை மட்டும் தருவது, பாதிப்பேருக்குக் கதவைத் திறந்து மறுபாதிக்கு மூடுவதாகும்.

வெக்கை நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் ஒழிந்த இரண்டாவது நோய் அது. லியோன் முதல் வேப்பேரி வரை மாணவரை ஊருக்கு அனுப்பப் பணம் தந்த அச்சம் நீங்கிவிட்ட இன்று, அப்பணம் வேறொரு காரணத்தால் வர வேண்டியிருக்கிறது. பெருந்தொகை தேவையில்லை. புதுச்சேரி அரசும் கல்லூரியின் முன்னாள் மாணவரும் பால் கூட்டுறவுகளும் சேர்ந்து ஆண்டுக்குச் சில மாணவருக்கேனும், எங்கே போகிறார், எதை அறிய விரும்புகிறார், எத்தனை நாள் தங்குவார் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தருவதையே விண்ணப்பமாகக் கொண்டு, ஒரு நல்கையை ஏற்படுத்த வேண்டும்; திரும்பி வந்தவர் தமிழில் எழுதும் அறிக்கை கல்லூரி நூலகத்தில் அடுத்த மாணவருக்காக வைக்கப்பட வேண்டும். முதல் நல்கை மதகடிப்பட்டுச் சந்தைக்கான பேருந்துக் கட்டணமாக இருந்தாலும் தாழ்வில்லை. வில்லியனூரிலும் பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் மாடு வளர்க்கும் வீட்டாரிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: குறிப்பேட்டோடு வாசலில் வந்து நிற்கும் மாணவரைத் தொழுவத்துக்குள் அழைத்து, மாட்டின் ஈத்து, தீனி, பட்ட நோய் அனைத்தையும் பொறுமையாகச் சொல்லுங்கள்.